அல்லி அரசாணியும் லேடாங் மலையரசியும்

முன்னுரை

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் ஆசகான் என்றோர் ஊர் உண்டு. அங்கு நின்று கிழக்கே நோக்கினால் வானை மறைத்து நிற்கும் மலையொன்று கண்ணிற்படும். அதுவே குனோங் லேடாங். 1,276 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் சிகரம் ஜொகூர் மாநிலத்தைச் சேர்ந்ததாயினும், அதன் நிழல் மலாக்காவின் மீதும் விழுகின்றது. அந்த நிழலில்தான் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டினர். அம்மலையுச்சியில் மாயச் சோலையொன்றில் ஓர் இளவரசி வாழ்கின்றாள் என்பது மலாய் மக்களின் தொன்மரபு. மலையடியில் வாழ்ந்த தமிழரோ, மதுரையைத் தனியே ஆண்ட ஓர் அரசியின் கதையை ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தனர்.

இக்கால மாணவர் மாயமும் மந்திரமும் நிறைந்த சாகசக் கதைகளை விரும்பிப் படிக்கின்றனர். அவற்றுள் வாளேந்திப் போர் புரியும் பெண்களும், கொடிய காட்டில் தனித்து உயிர்தப்பும் சிறுமியரும் கதைத்தலைவியராய் விளங்குகின்றனர். அந்நூல்கள் பெரும்பாலும் ஆங்கில மொழியில் அமைந்தவை. ஆகவே அத்தகைய கற்பனை மேலைநாட்டார்க்கே உரியதென்றும், தமிழில் பெண்கள் அழுது ஓய்வதற்கே படைக்கப்பட்டனர் என்றும் ஓர் எண்ணம் மாணவரிடையே வேரூன்றி வருகின்றது. இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை மலாக்கா மண்ணில் நின்றே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல் கடந்த முதல் தலைவி

தமிழில் மாயமும் சாகசமும் உயிர்தப்புதலும் ஒருங்கே அமைந்த பெண்ணின் கதையைத் தேடுவார்க்கு முதலில் எதிர்ப்படுவது சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையே. அதனைச் சமயக் காப்பியம் என்று கற்பித்துப் பழகிய நாம், அதன் கதைப்போக்கைச் சற்றே மறந்துவிட்டோம். உதயகுமரன் என்னும் அரசிளங்குமரன் பின்தொடர்கின்றான். மணிமேகலா தெய்வம் மணிமேகலையைத் தூக்கிச் சென்று மணிபல்லவத் தீவில் விடுகின்றது. தன்னந்தனியே கண்விழிக்கும் அவளுக்கு மூன்று மந்திரங்கள் கிட்டுகின்றன. ஒன்று வேற்றுருக் கொள்வதற்கு. ஒன்று வான்வழிச் செல்வதற்கு. ஒன்று பசியைத் தாங்குவதற்கு. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியும் அவள் கைக்கு வருகின்றது.

அந்த ஆற்றலை அவள் எதற்குப் பயன்படுத்தினாள் என்பதே கருதத்தக்கது. சிறையிற் கிடந்தார்க்கு உணவளித்து, சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுவித்தாள். மகனை இழந்த அரசி அவளைச் சிறையிட்டுப் பலவாறு துன்புறுத்தியபோதும், பெற்ற மந்திரத்தால் உயிரும் மானமும் காத்துக்கொண்டாள். பின்னர்ச் சாவக நாட்டிற்கும் சென்றாள். சாவகத்தைச் சாவாத் தீவெனவும் இத்தென்கிழக்குத் தீவுகளின் பொதுப்பெயர் எனவும் அறிஞர் கொள்வர். எவ்வாறாயினும், நம் இலக்கியத்தில் இக்கடற்பரப்பிற்கு வந்த முதல் கதைத்தலைவி கப்பல் தலைவனின் துணையின்றித் தானே வந்தவள் என்பது நாம் பெருமையுடன் நினைத்தற்குரியது.

பெரிய எழுத்தில் வந்த அரசி

காப்பியத்தைக் கற்றோர் சிலர். தோட்டத்து மக்கள் அறிந்த தலைவியோ வேறொருத்தி. 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பார் வணிக நோக்கில் இரப்பரைப் பயிரிட்டார். பின்னர்ப் புக்கிட் ஆசகானிலும் தோட்டம் விரிந்தது. மலாயாவின் இரப்பர்த் தொழில் இம்மாநிலத்தில்தான் வேர்விட்டது எனலாம். மரங்கள் வளர வளர ஆட்கள் வேண்டப்பட்டனர். கங்காணிமார் தத்தம் ஊர்களுக்குச் சென்று ஆள் திரட்டினர். 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும் வரை கப்பல்கள் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் மக்களை ஏற்றி வந்தன.

அவ்வாறு வந்தோரின் தகரப் பெட்டிகளில் வேட்டி சேலையோடு சில புத்தகங்களும் இருந்தன. 'பெரிய எழுத்து' என்று முகப்பிலேயே அச்சிட்ட மலிவுப் பதிப்புகள் அவை. சென்னையில் இரத்தின நாயகர் குடும்பத்தார் போன்ற பதிப்பாளர் அவற்றை வெளியிட்டனர். விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராசன் கதை, நல்லதங்காள் கதை, பவளக்கொடி மாலை, அல்லி அரசாணி மாலை என அவற்றின் வரிசை நீளும். கற்றவர் ஒருவர் விளக்கின் அருகமர்ந்து இராகமிட்டுப் படிக்க, லயத்து வாசலில் பத்துப் பேர் கூடிக் கேட்பர். எழுத்தறியாத பெண்களுக்கும் இக்கதைகள் மனப்பாடமாயிருந்ததற்கு இதுவே காரணம். ஒரு புத்தகம் ஒரு லயத்திற்கே போதுமானதாயிற்று.

அல்லி அரசாணி மாலையைப் புகழேந்திப் புலவர் இயற்றியதாக அட்டையில் அச்சிடுவது வழக்கம். நளவெண்பா பாடிய புகழேந்தியின் நடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிற்காலத்து நாட்டுப் பாடகர் யாத்த அம்மானை நூல் இதுவென்பது ஆய்வாளர் துணிபு. வியாசர் பாரதத்தில் இல்லாத பாரதக் கதை இது. பாண்டிய மன்னன் தவமிருந்து பெற்ற மகள் அல்லி. நாட்டைக் கவர்ந்துகொண்ட நீன்முகனை இளம் பருவத்திலேயே போரில் வென்று மதுரையை மீட்கின்றாள். அவள் அரசவையில் அமைச்சரும் காவலரும் பெண்களே. திருமணம் வேண்டாமென்பதும் அவள் துணிவு.

மதுரைக்கும் பெண்ணரசிற்கும் உள்ள உறவு மிகப் பழையது. பாண்டிய நாடு ஒரு பெண்ணால் ஆளப்பட்டது என்னும் செய்தியைக் கிரேக்கத் தூதர் மெகசுதனிசு குறித்துச் சென்றார். தடாதகைப் பிராட்டி எண்டிசையும் வென்ற வரலாற்றைத் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கும். அல்லி அந்த மரபில் வந்த நாட்டுப்புறத் தங்கை எனலாம்.

இக்கதையில் மாயம் யார் கையில் இருக்கின்றது என்பதை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். மணிமேகலையின் மந்திரம் அவளுடைய துணை. அல்லியின் கதையிலோ மாயம் அவளுக்கு எதிராக வருகின்றது. அவள்மீது காதல் கொண்ட அருச்சுனனுக்காகக் கண்ணன் பாம்பாட்டியாகின்றான். அருச்சுனன் பாம்பாகி அவள் பள்ளியறை புகுகின்றான். அவள் உறங்கும்பொழுது தாலி கட்டிவிடுகின்றான். கண்விழித்த அல்லி சீற்றங்கொண்டு படைதிரட்டுகின்றாள். இறுதியில் கதை அவளை அருச்சுனன் மனைவியாகவும் புலந்திரனின் தாயாகவும் ஆக்கி முடிக்கின்றது.

வாளால் வெல்ல முடியாதவளை உறக்கத்தில் வென்ற இச்செயலைக் கதை வெற்றியாகப் போற்றுகின்றது. நாம் அதனை அவ்வாறே மாணவர்க்குச் சொல்லிச் செல்லலாமா? சொல்லுதல் கூடாது என்பதே என் கருத்து. ஆயினும் கதையை ஒளித்து வைத்தலும் தீர்வாகாது. தாலியைக் கண்டு அவள் கொண்ட சினத்தையும் அந்நூலே பாடியிருக்கின்றது. அவளுக்கு நேர்ந்தது வஞ்சனை என்று உணர்த்தும் சான்று நூலின் உள்ளேயே கிடக்கின்றது. அதனை எடுத்துக் காட்டுவது ஆசிரியரின் பொறுப்பு.

அல்லியின் பெயர் நம் பேச்சுவழக்கிலும் நிலைத்துவிட்டது. 'அல்லி இராச்சியம்', 'அல்லி தர்பார்' என்னும் தொடர்களை அறியாத தமிழ்க் குடும்பமில்லை. வீட்டில் ஒருத்தி சற்றே உரத்த குரலில் உரிமை கேட்டால் ஆடவர் அத்தொடரால் அவளை நகையாடுவர். போரில் நாட்டை மீட்டவளின் பெயர் வாயாடியின் பெயராகச் சுருங்கியது மொழியில் நேர்ந்த ஓர் அநீதியாகும்.

மேடையிலும் அல்லி வாழ்ந்தாள். சங்கரதாசு சுவாமிகள் எழுதிய நாடகங்களுள் அல்லி அர்ஜுனா, பவளக்கொடி ஆகியவை புகழ்பெற்றவை. பவளக்கொடி 1934இல் தியாகராச பாகவதரின் முதல் திரைப்படமாகவும் வெளிவந்தது. மலாயாத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா நாட்களில் இக்கதைகள் விடிய விடிய நடிக்கப்பட்டன. காலையில் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்து, பகலில் பால்வாளி சுமந்தவர்கள் இரவில் மன்னரும் மந்திரியுமாய் மாறினர். அல்லி வேடம் பூண்டவர் பெரும்பாலும் ஆடவரே. கீழே அமர்ந்து விழித்த கண் மூடாமல் பார்த்தவர்களுள் பாதிப்பேர் பெண்கள். கங்காணிக்கும் கிராணிக்கும் துரைக்கும் அஞ்சி வாழ்ந்த அவர்கள்முன், எவர்க்கும் அஞ்சாத ஒருத்தி ஓரிரவு முழுதும் அரசாண்டாள்.

மலையரசியின் மறுமொழி

இனி லேடாங் மலைக்கு வருவோம். மலாய் இலக்கியத்தின் மணிமுடியாகிய 'செஜாரா மெலாயு' என்னும் வரலாற்று நூலில் மலையரசியின் கதை இடம்பெறுகின்றது. துன் ஸ்ரீ லானாங் 1612இல் இந்நூலைத் திருத்தியமைத்தார் என்பர். மலாக்காவின் இறுதி மன்னர்களுள் ஒருவரான சுல்தான் மகமூது, தம் அரசி மறைந்தபின் மானிடப் பெண்ணை வேண்டாது லேடாங் மலையின் இளவரசியையே மணக்க விரும்புகின்றார். தூதுக்குழு புறப்படுகின்றது. மலையின் பாதியிலேயே காற்றும் குளிரும் பலரைத் தடுத்துவிடுகின்றன. துன் மாமாட் சிலரோடு மேலே செல்கின்றார். பாடும் மூங்கில்களையும் பேசும் மலர்களையும் கடந்து சோலையை அடைகின்றார். அங்கே ஒரு மூதாட்டியின் வாயிலாக மலையரசியின் நிபந்தனைகள் அவருக்கு உரைக்கப்படுகின்றன.

மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னால் ஒரு பாலமும் வெள்ளியால் ஒரு பாலமும் வேண்டும். கொசுக்களின் நெஞ்சம் ஏழு தட்டும், சிற்றுயிர்ப் பூச்சிகளின் நெஞ்சம் ஏழு தட்டும் வேண்டும். ஒரு தாழி நிறையக் கண்ணீரும், மற்றொரு தாழி நிறையப் பாக்குச் சாறும் வேண்டும். மன்னரின் குருதி ஒரு கிண்ணமும், அவர்தம் மகனின் குருதி ஒரு கிண்ணமும் வேண்டும். மன்னர் பிறவற்றையெல்லாம் தர இயலும் என்றும், குருதியை மட்டும் தர இயலாதென்றும் கூறி எண்ணத்தைக் கைவிடுகின்றார்.

இம்மறுமொழியின் நயத்தை எண்ணிப் பாருங்கள். மன்னரிடம் 'மாட்டேன்' என்று சொல்ல எவர்க்கும் துணிவில்லாத காலம் அது. மலையரசியும் அச்சொல்லைச் சொல்லவில்லை. ஒவ்வொரு நிபந்தனையும் அச்சொல்லின் மாற்றுருவமே. பொன்னும் வெள்ளியும் மன்னரின் பேராசைக்கு விடை. தாழி நிறைந்த கண்ணீர் யாருடைய கண்களிலிருந்து வரும் என்பது கேட்பவர்க்கே விளங்கும். குருதிக் கிண்ணமோ பிறர் உழைப்பால் பெறமுடியாத ஒன்று. குடிகளை வருத்தி எதையும் திரட்டக்கூடிய ஆட்சியாளன் தன்னுடையதைத் தரவேண்டி வரும்போது பின்வாங்குகின்றான். ஆட்சியைக் குறித்து இதனினும் கூரிய திறனாய்வு வேறு எங்கே உண்டு?

மணிமேகலைக்கு மாயம் துணையாயிற்று. அல்லிக்கு அது பகையாயிற்று. மலையரசிக்கோ மறுப்புரைக்கும் மொழியாயிற்று. மூவரிடமும் ஆடவர் விருப்பம் அதிகாரத்தோடு வந்து நிற்கின்றது. மூவரும் வெவ்வேறு வகையில் விடை கூறுகின்றனர். இவ்வேறுபாட்டை மாணவர் உணர்ந்தால் ஒப்பிலக்கியத்தின் முதற்பாடம் கைவந்ததாகும்.

இன்னும் ஓர் உறவுண்டு. சாவக நாட்டு நிழற்கூத்தில் பாரதத்துச் சிகண்டி ஸ்ரீகண்டி என்னும் பெண் வில்லாளியாகவும் அருச்சுனனின் மனைவியருள் ஒருத்தியாகவும் மாறினாள். இன்றைய மலாய் மொழியில் வீரப்பெண்ணைக் குறிக்கும் பொதுச்சொல் 'ஸ்ரீகண்டி' என்பதே. தமிழர் அருச்சுனனுக்கு அல்லியைத் தந்தனர். தீவினர் ஸ்ரீகண்டியைத் தந்தனர். ஒரே பாரதம் இருகரையிலும் வாளும் வில்லும் ஏந்திய மனைவியரை அவனுக்குப் புதிதாய்ப் படைத்தது. மலாய்மொழியில் அவள் பெயர் புகழ்ச்சொல்லாயிற்று. நம்மிடையே அல்லியின் பெயர் ஏளனச்சொல்லாயிற்று. இது நாம் நாணத்தக்கதன்றோ?

கதைகள் கைமாறிய நகர்

மலாக்கா பழங்காலந்தொட்டே கதைகள் கைமாறிய துறைமுகம். தமிழ் வணிகர் சுல்தான்களின் காலத்திலேயே இங்கு செல்வாக்குப் பெற்றிருந்தனர். அவர்வழி வந்த மலாக்காச் செட்டிமார் இன்று மலாய்மொழி பேசுகின்றனர்; தமிழ் அவர்தம் நாவினின்று நீங்கிவிட்டது. ஆயினும் காஜா பெராங்கில் முத்துமாரியம்மனை அவர்கள் விடவில்லை. அம்மை நோயைத் தணிக்கும் அன்னைக்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் எடுக்கும் விழாவை 'டத்தோ சாச்சார்' என்று மலாய்மொழியிலேயே அழைக்கின்றனர். மொழி போனபின்னும் ஒரு சமுதாயம் தன்னைத் தானென்று அறிய ஒரு பெண் தெய்வம் துணைநின்றது.

இந்நகரில் பிறந்தவரே நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப்படும் முன்சி அப்துல்லா. அவர் முன்னோர் ஏமன் நாட்டிலிருந்து நாகூர் வந்து தங்கி, அங்கே மணவுறவு கொண்டவர். அக்கால மலாக்காவில் வணிகக் கணக்கிற்குத் தமிழ் தேவைப்பட்டதால் தந்தையார் அவரைத் தமிழ் கற்கச் செய்தார். அக்கல்வி வீண்போகவில்லை. 1835இல் தமிழிலிருந்து பஞ்சதந்திரக் கதைகளை அவர் மலாய்மொழியில் பெயர்த்தார். ஒருவர் கதையை மற்றவர் மொழியில் சொல்வது இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கதையல்லாத கதை

கற்பனைத் தலைவியரைப் பற்றிப் பேசும்பொழுது, குருதியும் தசையுமாய் வாழ்ந்த தலைவியரை மறத்தலாகாது. தோட்டத்துப் பெண்ணின் வாழ்வே உயிர்தப்பும் கதைதான். விடியுமுன் எழுந்து, கைக்குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டு, மங்கும் உளியுமாய்க் காடேறினாள். மலையரசி கேட்ட ஏழு தட்டுக் கொசு நெஞ்சம் அவளுக்கு வேடிக்கையாய்த் தோன்றியிராது. முற்காலத் தோட்டங்களில் குளிர்காய்ச்சலால் மாண்டவர் தொகை மிகப் பெரிது. கொசுவே அங்குக் கூற்றுவனாயிருந்தது.

1942இல் சப்பானியர் மலாயாவைக் கைப்பற்றினர். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடத் தோட்டத்து ஆடவரைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசென்றனர். அவர்களுள் மிகப் பலர் திரும்பவில்லை. லயங்களில் எஞ்சிய பெண்கள் மரவள்ளிக்கிழங்கை ஊன்றியும், கோணியை உடுத்தியும் பிள்ளைகளைக் காத்தனர். அமுதசுரபி எந்தத் தெய்வமும் தந்ததில்லை. கிழங்கைப் பங்கிட்ட அவர்கள் கைகளே அமுதசுரபியாயின.

அக்காலத்திலேயே மற்றொரு புதுமையும் நிகழ்ந்தது. நேதாஜி சுபாசு சந்திரபோசின் அழைப்பையேற்று, கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தது. 1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் அதன் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அப்படையில் சேர்ந்தோருள் பெருந்தொகையினர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப்பெண்கள். இந்தியாவைக் கண்டிராத பலரும் அவர்களுள் இருந்தனர். உளி பிடித்த கை துப்பாக்கி பிடித்தது. கூத்து மேடையில் ஆடவர் பூண்ட அல்லி வேடத்தை அணிவகுப்புத் திடலில் பெண்கள் தாமே பூண்டனர். படைக்கு வைத்த பெயர் வடநாட்டு அரசியின் பெயராயினும், போர்க்கோலம் பூண்ட பெண்ணின் உருவம் தமிழ்ப்பெண்களுக்குக் கேட்டறிந்த ஒன்றாகவே இருந்தது.

ஆசிரியர்க்கு ஒரு கடன்

தோட்டங்கள் இன்று பழைய தோட்டங்களல்ல. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கின்றது. செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்துள்ளன. லயங்கள் தரைமட்டமாயின. மக்கள் ஜாசினுக்கும் அலோர்காஜாவுக்கும் மலாக்கா நகருக்கும் குடிபெயர்ந்தனர். லயத்து வாசல் இல்லாதபோது இராகமிட்டுப் படிப்பாரும் இல்லை, கேட்பாரும் இல்லை. பெரிய எழுத்துப் புத்தகங்கள் கரையானுக்கு இரையாயின. அக்கதைகளை மனப்பாடமாய் அறிந்த பாட்டிமார் ஒவ்வொருவராக நம்மைவிட்டுப் பிரிகின்றனர்.

மலாக்கா மாநிலத்தில் இன்று இருபதுக்குச் சற்று மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் ஆசிரியப் பெருமக்களிடம் ஒன்று வேண்டுகின்றேன். ஒவ்வொரு மாணவரும் தத்தம் பாட்டியிடமோ அண்டை வீட்டு மூதாட்டியிடமோ ஒரு கதையைக் கேட்டு ஒலிப்பதிவு செய்து வரட்டும். அது அல்லியின் கதையாகலாம், நல்லதங்காளின் கதையாகலாம், சப்பானியர் காலத்தில் கிழங்கு தேடிக் காட்டிற்குச் சென்ற கதையுமாகலாம். கேட்டதை அவ்வாறே எழுதட்டும். பேச்சுச் சொற்களைத் திருத்த வேண்டா. அடுத்து, லேடாங் மலையரசியின் கதையைத் தம் மலாய் நண்பர்களிடம் கேட்டு வரட்டும். இரண்டையும் வகுப்பில் அடுத்தடுத்து வைத்துப் பேசச் செய்யுங்கள். அல்லி உறங்கும்பொழுது நேர்ந்தது நீதியா என்று கேளுங்கள். மலையரசி ஏன் வெளிப்படையாக மறுக்கவில்லை என்றும் கேளுங்கள். மாணவியர் கூறும் விடைகள் நம்மையே சிந்திக்க வைக்கும்.

முடிவுரை

புதிய மாயக் கதைகளைப் படிப்பது குற்றமன்று. எம்மொழியிலிருந்து வந்தாலும் நல்ல கதை நல்ல கதையே. ஆனால் வீரத்தலைவியைத் தேடி நெடுந்தொலைவு செல்லும் மாணவி, தன் கொள்ளுப்பாட்டியின் தகரப் பெட்டிக்குள் ஓர் அரசி இருந்ததையும், தான் வாழும் ஊரின் மலைமீது மற்றோர் அரசி இருப்பதையும் அறிந்து செல்லவேண்டும்.

செட்டிமார் மொழியை இழந்தும் அன்னையைக் காத்தனர். நமக்கு மொழி இருக்கின்றது. 'அல்லி தர்பார்' என்று யாரேனும் ஒரு சிறுமியைப் பார்த்து நகைத்தால், அல்லி யாரென்று எடுத்துரைக்க அச்சிறுமிக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவ்வளவை நாம் செய்தாலே போதும். மதுரையை அவள் மீண்டும் ஒருமுறை மீட்டவளாவாள்.